செட் எண்ணிக்கையைக் கூட்டினால் டெஸ்டோஸ்டிரோனும் ஆட்டமும் ஏறுமா?

கேட்டவருக்கு வயது 20, கபடி ஆடுகிறார். வாரம் ஆறு நாள் ஜிம். இன்னும் செட் (ஒரு பயிற்சியை நிறுத்தாமல் பல முறை செய்யும் ஒரு சுற்று) கூட்டினால் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் ஏறி ரெய்டில் பலம் வருமா என்கிறார்.

தம்பி, செட்டைக் கூட்டினால் ஓர் அளவுவரை பலம் ஏறும். அதற்குக் காரணம் ஹார்மோன் என்று நினைப்பதுதான் தவறு.

எடையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழும் ஸ்குவாட்டைக் கனமாக, குறைந்த ஓய்வோடு பல செட் போட்டால், ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனும் வளர்ச்சி ஹார்மோனும் கொஞ்ச நேரம் ஏறுவது உண்மை. சுமார் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்கு வந்துவிடும். இந்த ஏற்றம் தசையை வளர்க்கிறதா என்று கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பார்த்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது. ஒரே ஆளின் ஒரு கைக்குத் தனியாகப் பயிற்சி. மறு கைக்கு வேறொரு நாளில் பயிற்சி, அது முடிந்ததுமே கடுமையான கால் பயிற்சியும். கால் பயிற்சி சேர்ந்த நாளில் ஹார்மோன் நன்றாக ஏறியது. 15 வாரம் கழித்து அளந்தபோது இரண்டு கையும் ஒரே மாதிரிதான் வளர்ந்திருந்தன.

நாம் கவனிக்க வேண்டியது ஓய்வு நிலையில் இருக்கும் அளவை. பின்லாந்தில் ஹாக்கினென் குழுவினர் முன்னணிப் பளுதூக்கும் வீரர்களை ஓராண்டு பின்தொடர்ந்து 1987இல் எழுதினார்கள். போட்டிக்கு முந்தைய ஆறு வாரத்தில் முதல் இரண்டு வாரம் கடும் பயிற்சி, அடுத்த இரண்டு வாரம் வழக்கம்போல, கடைசி இரண்டு வாரம் குறைத்த பயிற்சி. கடும் பயிற்சியின்போது டெஸ்டோஸ்டிரோன் இறங்கியது. உடம்பு அழுத்தத்தில் இருக்கும்போது சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனோடு ஒப்பிட்ட விகிதமும் இறங்கியது. சுமையைக் குறைத்ததும் விகிதம் மீண்டது. அந்த இறக்கம் தவறல்ல, திட்டம் போட்டு இறக்கி ஏற்றினார்கள். இறங்கிய இடத்திலேயே மாதக்கணக்கில் கிடப்பதுதான் ஆபத்து.

பளுதூக்கிய காலத்தில் நானும் அப்படிக் கிடந்திருக்கிறேன். கடலூர் மஞ்சக்குப்பம்தான் எனக்கு. கல்லூரி இரண்டாம் ஆண்டில் போட்டிக்கு ஏழு வாரம் இருக்கும்போது, மாலைப் பயிற்சி போதாதென்று காலையிலும் நானாகவே தூக்க ஆரம்பித்தேன். ஸ்குவாட் மட்டும் வாரத்துக்கு 30 செட்டைத் தாண்டியது. வீட்டில் அதே சோறு, அதே சாம்பார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் மீன். ஐந்தாவது வாரம், 140 கிலோ எடுத்தவனுக்கு 125 கிலோவே கனத்தது. உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும், படுத்தால் தூக்கம் வராது. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாலும் எரிந்து விழுவேன். போட்டியில், எடையைத் தோளுக்கு எடுத்துத் தலைக்கு மேல் தூக்கும் கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று வாய்ப்பும் தவறியது. பிறகு இரண்டு வாரம் எடை மாட்டும் கம்பியான பாரையே தொடவில்லை. சாயங்காலம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடப்பேன், அவ்வளவுதான். பாதி செட்டோடு மீண்டும் தொடங்கி நாலாவது வாரத்தில் 140 எழுந்தது. அப்போது ரத்தம் கொடுத்துப் பார்க்கவில்லை, அதனால் ஹார்மோன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். சுமை அதிகம், சோறும் தூக்கமும் குறைவு என்பது மட்டும் நிச்சயம்.

இப்போது என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கபடிக்காரர்கள். ஒவ்வொரு தசைக்கும் வாரத்துக்கு 10 செட்டில் தொடங்குவேன். பலம் ஏறிக்கொண்டே இருந்தால் கூட்டவே மாட்டேன். கபடிப் பாயில் (மேட்) தொடை வெடிக்க ஆடியவனுக்கு மறுநாள் கால் செட் பாதிதான், கபடியும் சுமைதானே. போட்டிக்கு இரண்டு வாரம் முன்பு செட்டைப் பாதியாக்குவேன், பாரில் உள்ள எடையைக் குறைக்க மாட்டேன். வாரம் ஒருநாள் சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் குறிவைத்து எம்பிக் குதிக்கச் சொல்வேன். இரண்டு வாரம் தொடர்ந்து குறி இறங்கினால் எந்தப் பரிசோதனைக்கும் காத்திருக்காமல் சுமையை இறக்கிவிடுவேன்.

பரிசோதனை செய்வதானால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாளில் இரண்டு முறை. மாலையில் ஜிம்மிலிருந்து நேராகப் போய்க் கொடுத்த ரத்தத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெண் பிள்ளைகளுக்கு மாதவிலக்கு தள்ளிப்போவதே பெரிய எச்சரிக்கை. பயிற்சிக்கு ஈடாகச் சாப்பாடு இல்லை என்று அர்த்தமாக இருக்கலாம், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இன்னொன்று, இதை மனம் பதறித்தான் எழுதுகிறேன். “ஊசி போட்டுக்கொள்” என்று சொல்ல யாராவது வருவார்கள். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏறினால் அதைச் சுரக்கச் சொல்லும் கட்டளையை மூளை நிறுத்திவிடும், விந்தகம் சுருங்கும், விந்தணு குறையும். விட்ட பிறகு மீளப் பல மாதம் ஆகும். 20 வயதில் அதைத் தொடவே தொடாதீர்கள்.

உங்கள் கேள்வியில் எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒரு வரியும் இல்லை. கீழே எழுதுங்கள், அதைப் பார்த்து உங்களுக்கான செட் கணக்கைச் சொல்கிறேன்.