லண்டன் மாப்பிள்ளை, திருச்சி கல்யாணம்: ஸ்பவுஸ் விசாவுக்கு எப்போது விண்ணப்பிப்பது?

கேள்வி: எனக்கு நிச்சயிக்கப்பட்டிருப்பவர் பிரிட்டிஷ் குடிமகன், யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனில் குடியேறிய குடும்பம். தை மாதம் திருச்சியில் கல்யாணத்தை நடத்தப் பெரியவர்கள் பேசியிருக்கிறார்கள். பகுதிநேர வேலையில் இருந்த அவர், நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஆண்டுக்கு 31,000 பவுண்டு சம்பளத்தில் முழுநேர வேலையில் சேர்ந்தார். விசிட் விசாவில் போய் அங்கேயே பதிவுத் திருமணம் செய்துகொண்டு விசாவை மாற்றிவிடலாம் என்கிறார் என் மாமா. இது சரியா? பொறியியல் படித்திருக்கும் நான் ஆங்கிலத் தேர்வும் எழுத வேண்டுமா?
- வாசகி, திருச்சி

பதில்: மாமா சொல்லும் வழியை முதலிலேயே விலக்கிவிடுங்கள். விசிட் விசாவில் சென்றவர் பிரிட்டனில் இருந்தபடியே ஸ்பவுஸ் விசாவுக்கு (கணவன் அல்லது மனைவியுடன் சென்று வாழ்வதற்கான விசா) மாற விதிகள் இடம் தருவதில்லை. நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தை மறைத்துச் சுற்றுலா என்று எழுதிக் கொடுத்தது தெரியவந்தால், ஏமாற்ற முயன்றதாகக் கருதி, அடுத்த பத்தாண்டுகள் வரை உங்கள் விண்ணப்பங்களை நிராகரிக்கவும் முடியும்.

நேர்மையான வழிகள் இரண்டு. வருங்காலக் கணவர் என்ற முறையில் அவர் ஸ்பான்சர் செய்ய, ஆறு மாத விசாவில் சென்று அந்தக் கெடுவுக்குள் அங்கே மணம் முடித்து, பிறகு அங்கிருந்தே மீண்டும் விண்ணப்பிப்பது ஒன்று. இதில் இரண்டு முறை கட்டணம் கட்ட வேண்டும். முதல் விசாக் காலத்தில் நீங்கள் வேலை பார்க்கவும் முடியாது. கல்யாணம் எப்படியும் திருச்சியில்தான் என்றால் இந்தச் சுற்றுவழி எதற்கு? இங்கேயே மணந்து, இங்கிருந்தே ஸ்பவுஸ் விசாவுக்கு விண்ணப்பிப்பதே உங்களுக்குப் பொருத்தமானது. அந்த விசா 33 மாதங்களுக்குக் கிடைக்கும். சென்ற நாள் முதல் வேலை பார்க்கலாம்.

உங்கள் விஷயத்தில் கவனமாகப் பார்க்க வேண்டியது அவருடைய வருமானம். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக ஸ்பவுஸ் விசா கோருபவரின் துணைவருக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 29,000 பவுண்டு இருக்க வேண்டும். அதற்கு முன்பு இது 18,600 பவுண்டாக இருந்தது. இங்கே நீங்கள் வாங்கும் சம்பளம் இந்தக் கணக்கில் சேராது. 31,000 பவுண்டு போதுமே என்று தோன்றும். ஆனால் ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் முடிக்காதவர், இப்போதைய சம்பளத்தைக் காட்டுவதோடு, கடந்த பன்னிரண்டு மாதங்களில் வரிப் பிடித்தத்துக்கு முன் பெற்ற மொத்த ஊதியமும் 29,000 பவுண்டுக்குக் குறையவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பகுதிநேர வேலையில் இருந்தவருக்கு அது எட்டாது. ஆகவே கல்யாணத்தை எந்த முகூர்த்தத்தில் வேண்டுமானாலும் வையுங்கள். விண்ணப்பத்தை மட்டும் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளும், அந்தத் தொகைகள் வரவாகியிருப்பதைக் காட்டும் வங்கி அறிக்கைகளும், நிறுவனத்தின் கடிதமும் சேர்ந்த பிறகே அனுப்புங்கள். வருமானத்துக்குப் பதிலாகச் சேமிப்பை மட்டும் காட்டுவதென்றால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கணக்கில் இருந்திருக்க வேண்டும்; புதிதாக வேலையில் சேர்ந்த இளைஞரிடம் அதை எதிர்பார்க்க முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒரு கண்ணி உண்டு. கல்யாணத்துக்காக அவர் சம்பளமில்லா விடுப்பு எடுத்தால் அந்த மாதச் சம்பளம் குறைந்து, ஆறு மாதக் கணக்கே சிக்கலாகக்கூடும். கோவிலில் தாலி கட்டியது மட்டும் விசாவுக்குப் போதாது, பதிவுச் சான்றிதழ் வேண்டும். மணமகன் வெளிநாட்டுக் குடிமகன் என்பதால் பதிவு அலுவலகம் 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி பதியச் சொன்னால், முன்னறிவிப்பு கொடுத்து 30 நாள் காத்திருக்க நேரும். எனவே எந்தச் சட்டப்படி பதிவார்கள், அவருடைய தரப்பில் என்னென்ன சான்றுகள் கேட்பார்கள் என்பதை இப்போதே நேரில் விசாரித்து, அதற்கேற்ப அவருடைய விடுப்பைத் திட்டமிடுங்கள்.

ஆங்கில வழியில் பட்டம் பெற்றிருந்தால், அது பிரிட்டிஷ் பட்டத்துக்கு இணையானது என்றும் ஆங்கிலத்தில் பயிற்றுவிக்கப்பட்டது என்றும் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் எக்டிஸ் என்ற பிரிட்டிஷ் அமைப்பிடம் சான்று பெற்றாலே போதும். இல்லையென்றால் ஏ1 என்ற தொடக்க நிலையில் ஆங்கிலம் பேசுவதற்கும் கேட்டுப் புரிந்துகொள்வதற்குமான தேர்வு எழுத வேண்டும். காசநோய்ப் பரிசோதனையைப் பிரிட்டிஷ் அரசு அங்கீகரித்த நிலையத்தில் மட்டுமே செய்துகொள்ள முடியும். மாமியார் வீட்டில் தங்குவதற்குத் தடையில்லை. வீட்டு உரிமையாளரின் சம்மதமும் போதிய இடவசதியும் காட்டினால் சரி. உறவு உண்மையானது என்பதற்கு ஆல்பம் முழுவதையும் அனுப்பத் தேவையில்லை. அவர் வந்து சென்ற பயணச்சீட்டுகளும், மாதாமாதம் நீங்கள் பேசிக்கொண்டதற்கான பதிவுகளும் அதைவிட அதிகம் பேசும். செலவைப் பொறுத்தவரை, 2025 ஏப்ரல் நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,938 பவுண்டு, பிரிட்டிஷ் அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்துவதற்கான கூடுதல் கட்டணம் 3,105 பவுண்டு. இவை அடிக்கடி உயர்வதால், அனுப்பும் நாளில் அரசு இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாங்கள் இருவரும் ஆண்கள். என் துணைவர் பிரிட்டிஷ் குடிமகன். இங்கே மணக்க வழியில்லாத எங்களுக்கு விசா கிடைக்குமா?
- பெயர் வெளியிட விரும்பாதவர், சென்னை

பதில்: கிடைக்கும். 2023 அக்டோபரில் நமது உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க மறுத்தாலும், பிரிட்டிஷ் விதிகள் அத்தகைய இணையரை மற்றவர்களைப் போலவே நடத்துகின்றன. திருமணத்துக்கு நிகரான உறவு இரண்டு ஆண்டுகள் நீடித்திருந்தால் மணமாகாத துணைவர் என்ற பிரிவில் விண்ணப்பிக்கலாம். 2024 ஜனவரி இறுதியில் வந்த மாற்றத்துக்குப் பிறகு இருவரும் ஒரே வீட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் ஏன் சேர்ந்து வாழ இயலவில்லை என்பதை ஆவணங்களோடு விளக்க வேண்டும். குடும்பத்துக்குத் தெரியாததால் பொது ஆவணம் எதுவும் இல்லையென்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். இரண்டு ஆண்டுகள் ஆகவில்லையென்றால், முதல் பதிலில் சொன்ன ஆறு மாத விசாவில் சென்று அங்கே மணந்துகொள்ளும் வழி உங்களுக்கும் உண்டு.

கேள்வி: என் கணவர் லண்டனில் எம்.எஸ்சி. படிக்கிறார். நான் அவருடன் சென்று தங்க முடியுமா?
- வாசகி, மதுரை

பதில்: இப்போது முடியாது. 2024 ஜனவரி முதல் தொடங்கிய படிப்புகளில், ஆராய்ச்சிப் பட்டம் பயில்பவர்களும் அரசு உதவித்தொகை பெறுபவர்களும் மட்டுமே துணையை அழைத்துச் செல்லலாம். படிப்பு முடிந்து பட்டதாரி நிலைக்குரிய வேலையில் ஸ்கில்டு ஒர்க்கர் விசா (திறன்சார் பணியாளருக்கான விசா) பெற்றால், நீங்கள் அவருடைய சார்ந்தோராக விண்ணப்பிக்கலாம். முதல் பதிலில் சொன்ன 29,000 பவுண்டு வருமான விதி இதற்குக் கிடையாது. முதியோர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பராமரிப்புப் பணியாளர் (கேர் ஒர்க்கர்) வேலையை யாராவது காட்டினால் ஏற்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். 2024 மார்ச் 11-க்குப் பிறகு அந்த வேலைக்குப் புதிதாக விசா பெற்றவர்கள் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடிவதில்லை.