வாசகர் கேள்வி – பதில்: போட்ட ஜம்பரை யார் எடுப்பது?

ஆலைகளில் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பராமரிக்கும் குழுக்களுக்குத் தலைமை ஏற்றிருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, இன்ஸ்ட்ருமென்டேஷன் துறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: சிமென்ட் ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் பிரிவின் பொறுப்பு ஆறு மாதங்களுக்கு முன் என்னிடம் வந்தது. எனக்கு வயது 29. குழுவில் உள்ள மூத்த டெக்னீஷியன் பழம் தின்று கொட்டை போட்டவர். எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர். இன்றும் அவரை ‘அண்ணே’ என்றுதான் அழைக்கிறேன். இரவு ஷிப்டில் கன்வேயர் பெல்ட் அடிக்கடி ட்ரிப் ஆனால் (தானாக நின்றுவிட்டால்), புல் கார்ட் சுவிட்ச்சுக்குப் பேனலிலேயே ஜம்பர் போட்டு, அதாவது அந்தச் சுவிட்ச் விழுந்தாலும் பெல்ட் நிற்காதபடி குறுக்கே ஒரு வயரை இணைத்து, ஓட்டிவிடுகிறார். உற்பத்திப் பிரிவும் அவரையே பாராட்டுகிறது. எப்படித் தடுப்பது? (வாசகர், அரியலூர்)

பதில்: புல் கார்ட் என்பது பெல்ட்டின் ஓரமாக நெடுகக் கட்டப்பட்டிருக்கும் கயிறு. உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் சட்டையோ கையோ சிக்கிக்கொண்டவர் எட்டிப் பிடித்து இழுக்க அவருக்கு இருப்பது அது ஒன்றுதான். நீங்கள் ஜம்பர் போட்ட பிறகும் கயிறு அங்கேயேதான் இருக்கும், இழுத்தால் சுவிட்ச்சும் ‘டக்’ என்று விழும், ஆனால் பெல்ட் நிற்காது. ஆகவே மற்ற இன்டர்லாக்குகளுக்கு (நிலைமை சரியில்லை என்றால் இயந்திரத்தை ஓடவிடாத பாதுகாப்பு இணைப்புகளுக்கு) உரிய அனுமதியோடு தற்காலிக பைபாஸ் தரும் வழக்கம் உங்கள் ஆலையில் இருந்தாலும், பெல்ட் ஓடும்போது புல் கார்டுக்கு மட்டும் யார் கையெழுத்திட்டாலும் பைபாஸ் கிடையாது என்று முதலில் நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள். அதை ஆலை மேலாளரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். உற்பத்திப் பிரிவுடன் நள்ளிரவில் தொலைபேசியில் வாதாடுவதைவிட, பகலில் பெற்ற ஒரு தாள் பலமானது.

ஆனால் தாளைக் காட்டி மட்டும் அண்ணனைத் திருத்த முடியாது. அவர் ஜம்பர் போடுவது சோம்பலால் அல்ல. பெல்ட் காரணமில்லாமல் ட்ரிப் ஆகிறது, ஒவ்வொரு முறையும் தூசியில் பல நூறு மீட்டர் நடந்து எந்தச் சுவிட்ச் என்று தேட வேண்டியிருக்கிறது என்பதால்தான். அந்தத் தேடலை நீங்கள் ஒரு நாள் அவருடன் சேர்ந்து செய்யுங்கள். கேபிள் மேலிருந்து கிளாண்டுக்குள் (கேபிள் நுழையும் வாய்க்குள்) இறங்கும் சுவிட்ச்சுகளில் மழைநீர் கேபிள் வழியாகவே உள்ளே போயிருக்கும். கயிறு வெயிலில் தொய்ந்திருக்கும், அல்லது யாரோ இழுத்துக் கட்டியதில் பெல்ட் அதிர்ந்தாலே சுவிட்ச் விழும் அளவுக்கு விறைத்திருக்கும். மூடியின் ரப்பர் போய், உள்ளே சிமென்ட் தூசி மாவாகப் படிந்திருக்கும். இவற்றைச் சரிசெய்து, கேபிளோடு தயாராக இணைத்த இரண்டு சுவிட்ச்சுகளை ஷிப்ட் அறையில் வைத்துவிட்டால், பழுதானதை மாற்றுவதற்கு ஆகும் நேரம் ஜம்பர் போட்டுவிட்டு மேலாளருக்கு விளக்கம் சொல்லும் நேரத்தைவிடக் குறைவாகவே இருக்கும்.

மற்ற இன்டர்லாக்குகளுக்கு ஒரு எளிய ஏற்பாடு சொல்கிறேன். பத்து ஜம்பர் வயர்களைச் சிவப்பு நிறத்தில் செய்து, ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்டு, ஷிப்ட் அறைச் சுவரில் பத்து ஆணிகளில் தொங்கவிடுங்கள். வேறு எந்தத் துண்டு வயரையும் ஜம்பராகப் பயன்படுத்தக் கூடாது. யார் கேட்டார், யார் அனுமதித்தார், எந்த டெர்மினல் (வயர் இணைப்பு முனை), எப்போது எடுக்க வேண்டும் என்ற நான்கையும் பக்கத்திலுள்ள நோட்டில் எழுதினால்தான் ஆணியிலிருந்து எடுக்கலாம். ஷிப்ட் மாறும்போது வருபவர் லாக் புக்கைப் படிக்க மறந்தாலும், காலியாக இருக்கும் ஏழாம் ஆணி அவர் கண்ணில் படாமல் போகாது. பி.எல்.சி. எனப்படும், இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினியின் மென்பொருளில் போடும் ‘ஃபோர்ஸ்’ (வயர் இல்லாமலேயே ஒரு சிக்னலை வலிந்து மாற்றிவைப்பது) ஆணியில் தொங்காது என்பதால், அதற்கு அதே நோட்டில் தனிப் பக்கம் வேண்டும்.

அந்தப் பலகைக்கும் நோட்டுக்கும் பொறுப்பாளராக உங்கள் அண்ணனையே நியமியுங்கள். பயிற்சியாளர்கள் முன்னிலையில் அவரைக் கண்டிக்காதீர்கள். கற்றுக்கொடுத்தவர் என்ற மரியாதை குறையாமல், “அண்ணே, இதை நீங்கள் வைத்திருந்தால்தான் மற்றவர்கள் மதிப்பார்கள்” என்று சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்வார்கள். அதன் பிறகும் ஓடும் பெல்ட்டின் புல் கார்டுக்கு ஜம்பர் விழுந்தால், தயங்காமல் அவரை இரவு ஷிப்டிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்களுக்கு அது கசப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: எங்கள் நூற்பாலையில் உள்ள பழைய பி.எல்.சி.யில் பேட்டரி விளக்கு எரிகிறது. பொங்கல் விடுமுறையில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாற்றலாம் என்று குழுவினர் சொல்கிறார்கள். சரியா? (வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: அந்த விளக்கு எரிந்தபின் மின்சாரத்தை நிறுத்துவதுதான் செய்யக்கூடாத காரியம். பழைய பி.எல்.சி.கள் பலவற்றில் புரோகிராம், பேட்டரி தாங்கும் நினைவகத்தில்தான் இருக்கிறது. மின்சாரமும் இல்லாமல் பேட்டரியும் தீர்ந்தால், விடுமுறை முடிந்து திரும்பும்போது அதில் ஒன்றும் இருக்காது. இன்றே நகல் எடுங்கள். பிறகு, உங்கள் மாடலின் கையேட்டில் வேறு மாதிரி சொல்லியிருந்தாலொழிய, மின்சாரம் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள். அலமாரியில் ஏற்கெனவே நகல் இருக்கிறது என்று யாராவது சொன்னால், அதை ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுடன் ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்ப வேண்டாம். இடையில் யாரோ ஒரு டைமரை மாற்றியிருப்பார்கள்.

கேள்வி: என் குழுவில் உள்ள ஐ.டி.ஐ. இளைஞர்கள் சொன்ன வேலையைச் சொன்னபடி முடிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் காரணம் விளக்க எனக்கு நேரமில்லை. அது அவசியமா, ஐயா? (வாசகி, தூத்துக்குடி)

பதில்: இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்டு எண்ணெய்க் கிடங்கில் நடந்ததைக் கேளுங்கள், அம்மா. 2005 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை அதிகாலை. 912 என்ற எண்ணுள்ள தொட்டியில் குழாய் வழியாகப் பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. மட்டம் காட்டும் கருவி ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு, திரையில் அதே அளவையே காட்டிக்கொண்டிருந்தது. அது அதற்கு முன்பும் பலமுறை அப்படிச் சிக்கியிருக்கிறது. அப்படியானால் காப்பாற்ற வேண்டியது, அதனுடன் தொடர்பில்லாமல் தனியாக இருந்த உயர்மட்டச் சுவிட்ச். அதில் பரிசோதனை செய்வதற்கு ஒரு சிறிய நெம்புகோல் உண்டு; பரிசோதனை முடிந்தபின் அதைச் சரியான நிலையில் பூட்டி வைக்கவே ஒரு பூட்டும் தரப்பட்டிருந்தது. பூட்டு வெறும் பாதுகாப்புக்காக, யாரும் கைவைக்காமல் இருப்பதற்காக என்று பராமரித்தவர்கள் நினைத்தார்கள், அது மாட்டப்படவில்லை, நெம்புகோல் சரியான நிலையில் நிற்காததால் சுவிட்ச் செயல்படவில்லை. தொட்டி நிரம்பி வழிந்து, பெட்ரோல் ஆவி பனிப்படலம்போலப் பரவி, காலை ஆறு மணியளவில் வெடித்தது. விடுமுறை நாள் என்பதால் உயிரிழப்பு இல்லை. 43 பேர் காயமடைந்தனர்.

அங்கே சொன்ன வேலையைச் செய்யத் தெரியாதவர்கள் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அந்தப் பூட்டு எதற்கு என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றுக்கும் காரணம் சொல்ல வேண்டியதில்லை. வேலை முடித்துத் திரும்பும்போது எதை எந்த நிலையில் விட்டுவர வேண்டும் என்பதற்கு மட்டுமாவது சொல்லுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு நிமிடம் ஆகும்.

கேள்வி: தலைமைப் பொறுப்புக்கு வந்தபின் நானே ஸ்க்ரூடிரைவரை எடுப்பது தவறா? சும்மா நிற்க மனம் வரவில்லை. (வாசகர், ஓசூர்)

பதில்: தவறில்லை, ஆனால் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். நான் பணியாற்றிய ஆலை ஒன்றில் வெந்நீர்த் தொட்டியின் மட்டம் தவறாகக் காட்டுகிறது என்றார்கள். குழுவில் இருவர் இருக்க, நானே பேனலைத் திறந்தேன். மட்டத்தை மின்னோட்டமாக மாற்றி அனுப்பும் ட்ரான்ஸ்மிட்டரின் 4–20 மில்லிஆம்ப் சிக்னலை (4 என்றால் காலி, 20 என்றால் முழுமை) அளக்க, டெர்மினலில் உள்ள கத்தி இணைப்பை (தூக்கினால் மின்சுற்று அறுபடும் சிறு தகட்டை) தூக்கி, இடையில் மீட்டரை வைத்தேன், 11.8 வந்தது, சரியாகவே இருந்தது. அந்த நேரத்தில் தொலைபேசி அழைத்தது. மீட்டரைக் கழற்றினேன், பேசிக்கொண்டே கதவைச் சாத்தினேன், கத்தியை அழுத்தி மூடவில்லை. சிக்னல் பூஜ்யமானது; பழைய கன்ட்ரோலர் அதைத் தொட்டி காலி என்று எடுத்துக்கொண்டு, வால்வை முழுவதும் திறந்தது. சிறிது நேரத்தில் வெந்நீர் வழிந்து தரையெங்கும் ஓடியது. அங்கே ஆள் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம்.

அதைவிட எனக்கு உறுத்தியது பின்னால் தெரிந்த செய்தி. கத்தி தூக்கியபடியே இருந்ததை, என் பக்கத்தில் நின்ற இளைஞர் பார்த்திருக்கிறார். “சார் காரணத்தோடுதான் வைத்திருப்பார் என்று நினைத்தேன்” என்றார். அவர் வேலை செய்து நான் பக்கத்தில் நின்றிருந்தால், நான் வாய் திறந்திருப்பேன். அதன் பிறகு பேனலில் நானே கைவைக்க நேர்ந்த நாட்களில், குழுவில் இளையவரை அருகே அழைத்து, நான் தொட்ட டெர்மினல்களின் எண்களை ஒவ்வொன்றாக அவர் வாயால் படிக்கச் சொல்லி, அவர் “எல்லாம் மூடியிருக்கிறது சார்” என்ற பிறகுதான் கதவைச் சாத்துவேன்.