லண்டனில் ஓட்டப் பயிற்சிக்குத் துணை தேடுவது எப்படி?

லண்டனுக்குப் புதிதாக வந்திருப்பதாகவும், தனியாக ஓடத் தொடங்கினால் சில வாரங்களில் நின்றுவிடுவதாகவும், துணைக்கு ஆட்களை எங்கே தேடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். என் பரிந்துரை பார்க்ரன். 2004 அக்டோபர் 2 அன்று புஷி பூங்காவில் 13 பேருடன் பால் சின்டன்-ஹெவிட் தொடங்கிவைத்த இந்த 5 கிலோமீட்டர் ஓட்டம், இன்று இங்கிலாந்தெங்கும் எத்தனையோ பூங்காக்களில் சனிக்கிழமைதோறும் காலை 9 மணிக்குக் கட்டணமின்றி நடைபெறுகிறது.

இணையத்தில் ஒருமுறை பதிவு செய்து, அவர்கள் தரும் பார்கோடை எடுத்துச் சென்றால் போதும். ஓட முடியாதவர்கள் நடக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தன்னார்வலர் இருப்பதால், கடைசி ஆளாக வந்து சேர்வோமோ என்ற தயக்கம் எவருக்கும் வேண்டியதில்லை.

ஆனால் ஓடி முடித்த கையோடு வீடு திரும்பினால் அறிமுகம் வளராது. வாரம் ஒரு பூங்கா என்று மாறாமல், வீட்டுக்கு அருகிலுள்ள ஒன்றுக்கே தொடர்ந்து செல்லுங்கள். ஓரிரு வாரம் ஓடாமல், முடிவிடத்தில் பார்கோடு ஸ்கேன் செய்யும் பணியை ஏற்றுப் பாருங்கள். மூச்சிரைக்க வந்து கைபேசியை நீட்டும் ஒவ்வொருவரிடமும் இயல்பாக ஒரு வார்த்தை பேச வாய்க்கும், கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பிறகு அருகிலுள்ள தேநீர்க் கடைக்கு அவர்கள் கூடிச் செல்லும்போது நீங்களும் செல்லுங்கள்.

வாரநாள் பயிற்சிக்குத் துணை தேர்ந்தெடுக்கையில், உங்களைவிட வேகமானவரைக் காட்டிலும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகமும் உங்களுக்கு ஒத்துவரும் நேரமும் உள்ளவரிடம் கேளுங்கள்.