மோட்லாராய்ட்: எல்லைக் கல் 1810இல் வந்தது, சுவர் 1966இல் எழுந்தது

கேள்வி: ஜெர்மனியில் மோட்லாராய்ட் என்ற குக்கிராமத்தை, இரண்டாம் உலகப் போரில் வென்ற வல்லரசுகள் வரைபடத்தில் கோடு கிழித்து இரண்டாக்கின என்றும், பெர்லின் சுவர் வீழ்ந்த அன்றே அந்தக் கோடும் மறைந்துபோனது என்றும் படித்தேன். பெர்லினில் நடந்ததன் சிறு நகல்தானே இது? ஏறத்தாழ ஐம்பது பேர் மட்டும் வாழும் ஊருக்கு அருங்காட்சியகம் எதற்கு?

பதில்: நீங்கள் படித்ததில் ஊரின் பெயரும் அது இரண்டாகக் கிடந்தது என்ற செய்தியும் மட்டுமே சரி. கோட்டை வல்லரசுகள் கிழிக்கவில்லை. பெர்லின் சுவர் வீழ்ந்த அன்று அது மறையவும் இல்லை. இன்றும் அது அதே இடத்தில் இருக்கிறது. இதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாவிட்டால் அந்த ஊருக்கு நேர்ந்தது என்னவென்றே விளங்காது.

ஜெர்மனியின் நடுப்பகுதியில், ஹோஃப் நகருக்கு வடக்கே, மேடும் பள்ளமுமான வயல்களுக்கும் ஊசியிலைக் காடுகளுக்கும் இடையே மோட்லாராய்ட் அமைந்திருக்கிறது. ஊரின் நடுவே டான்பாஹ் என்ற ஓடை செல்கிறது. கோடையில் ஒருவர் எளிதாகத் தாண்டிவிடக் கூடிய அளவே அதன் அகலம். ஓடையின் ஒரு கரையில் பவேரியா, மறு கரையில் துரிங்கியா. 16ஆம் நூற்றாண்டிலேயே இந்த ஓடை இரண்டு ஆட்சிகளுக்கு எல்லையாக இருந்தது: ஒருபுறம் பைராய்ட் சிற்றரசு, மறுபுறம் ராய்ஸ் பிரபுக்களின் நிலம். 1810இல் பைராய்ட் பகுதி பவேரிய அரசுக்குச் சென்றபோது ஓடையோரம் எல்லைக் கற்கள் நடப்பட்டன. பவேரிய அரசையும் ராய்ஸ் சிற்றரசையும் குறிக்கும் எழுத்துகள் அவற்றில் செதுக்கப்பட்டிருந்தன. முதல் உலகப் போருக்குப் பின் மன்னராட்சிகள் ஒழிந்தன. 1920இல் ராய்ஸ் நிலம் புதிதாக உருவான துரிங்கியா மாநிலத்தோடு இணைந்தது. ஆயினும் எல்லைக் கோடு ஓடையை விட்டு நகரவில்லை.

அந்த நூற்று முப்பது ஆண்டுகளில் அக்கோட்டால் ஊருக்கு என்ன துன்பம் வந்தது? சொல்லும்படியாக எதுவும் இல்லை. பள்ளிக்கூடமும் மதுக்கடையோடு கூடிய உணவு விடுதியும் துரிங்கியாக் கரையில் இருந்தன. தேவாலயம் பவேரியாப் பக்கத்து டோப்பன் ஊரில் இருந்தது. ஆகவே பவேரியக் கரையின் குழந்தைகள் படிப்பதற்காக ஓடையைத் தாண்டினார்கள்; துரிங்கியக் கரையின் குடும்பங்கள் ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்காக ஓடையைத் தாண்டினார்கள். ஒரு கரையில் பெண் கொடுத்து மறு கரையில் பெண் எடுத்தார்கள். வரி செலுத்தும் அலுவலகம் மட்டும் இரண்டு. மற்றபடி ஊர் ஒன்றே. கற்கள் நின்ற இடத்தில் நின்றன, மனிதர்கள் அவற்றைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள்.

நேச நாடுகள் 1944இல் லண்டனில் ஆக்கிரமிப்பு மண்டலங்களைப் பிரித்தபோது, பெரும்பாலும் ஏற்கெனவே இருந்த மாநில எல்லைகளையே பின்பற்றின. பவேரியா அமெரிக்காவுக்கு, துரிங்கியா சோவியத்துக்கு என்றானது. லண்டனில் அமர்ந்து பேசியவர்களுக்கு மோட்லாராய்ட் என்ற ஊர் இருப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை. பழைய கற்கள்தாம் அவர்கள் வேலையைச் செய்தன. 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படைகள் துரிங்கியாவையும் பிடித்திருந்தன. ஒப்பந்தப்படி ஜூலையில் பின்வாங்கின. உள்ளே வந்த சோவியத் படையினர் தொடக்கத்தில் பவேரியக் கரையையும் சேர்த்து ஆக்கிரமித்து, சுமார் ஓராண்டுக்குப் பிறகே அங்கிருந்து விலகினார்கள். 1949இல் இரண்டு ஜெர்மன் அரசுகள் பிறந்தபோது ஓடையின் இரு கரைகளும் இரண்டு நாடுகளாயின: பவேரியக் கரை மேற்கு ஜெர்மனி, துரிங்கியக் கரை கிழக்கு ஜெர்மனி. அப்போதும் அனுமதிச் சீட்டோடு கடக்க வழி இருந்தது.

வாழ்க்கையை முறித்த தேதி 1952 மே 26. மேற்கு ஜெர்மனி அன்று தன் தலைநகரான பான் நகரில் மேற்கத்திய நாடுகளுடன் உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டது. கிழக்கு ஜெர்மன் அரசு அதே நாளில் எல்லையை மூட ஆணையிட்டது. எல்லையை ஒட்டி 10 மீட்டர் அகலத்துக்கு நிலம் உழப்பட்டு வெறுமையாக்கப்பட்டது. அதில் கால் வைத்தால் தடம் தெரியும். அதற்குப் பின்னால் 500 மீட்டர் காவல் பட்டை. அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடைப் பகுதி. கிழக்குக் கரையில் வாழ்ந்தவர்கள் தம் சொந்த வீட்டில் இருக்கவே அடையாள அட்டையில் தனி முத்திரை பெற வேண்டியிருந்தது. உறவினர் எவரும் அனுமதி இல்லாமல் பார்க்க வர முடியாது. அரசு நம்பாத குடும்பங்கள் எல்லையோரத்திலிருந்து பெயர்த்து உள்நாட்டுக்கு அனுப்பப்பட்டன. எல்லை முழுவதுமாக அவ்வாறு 1952இல் வெளியேற்றப்பட்டவர்கள் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டோர். அந்த நடவடிக்கைக்குத் துரிங்கிய அதிகாரிகள் வைத்த மறைபெயர் 'பூச்சி ஒழிப்பு' என்ற பொருளுடையது. சொந்தக் குடிமக்களைப் பற்றி ஓர் அரசு இப்படி எழுதி வைத்ததை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மோட்லாராய்டில் ஓடையோரம் மாவு ஆலை வைத்திருந்த குடும்பம் ஒன்று, வெளியேற்றப்படுவதற்கு முன்பே மேற்குக்குத் தப்பிச் சென்றது. பிறகு ஆலை இடிக்கப்பட்டது.

ஓடையோரம் முதலில் எழுந்தது ஆளுயரத்துக்கு மேற்பட்ட பலகை வேலி. பின்னர் முள்கம்பி வந்தது. 1966இல் ஏறத்தாழ 700 மீட்டர் நீளமும் மூன்று மீட்டருக்கு மேல் உயரமும் கொண்ட கான்கிரீட் சுவர் வந்தது. இரவெல்லாம் அதன் மீது விளக்கொளி விழுந்தது. சுமார் 1,400 கிலோமீட்டர் நீளமான உள் ஜெர்மன் எல்லையின் பெரும்பகுதியில் இருந்தது வேலிதான். வீடுகள் எல்லையை ஒட்டி நிற்கும் ஊர்களில்தான் கான்கிரீட் தேவைப்பட்டது, ஏனென்றால் வேலிக்கு ஊடாக முகங்கள் தெரியும். மேற்குக் கரையில் நின்று ஒருவர் கையசைத்தால், கிழக்குக் கரையில் இருப்பவர் பதிலுக்குக் கையசைப்பது தடை செய்யப்பட்டிருந்தது. பார்ப்பதையே குற்றமாக்க வேண்டியிருந்தது என்றால், அந்த ஊரார் ஒருவரையொருவர் எவ்வளவு நெருங்கி வாழ்ந்தார்கள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

அமெரிக்கப் படையினர் இந்த ஊரைச் 'சின்ன பெர்லின்' என்று அழைத்தார்கள். 1983இல் அப்போதைய துணை அதிபர் ஜார்ஜ் புஷ் நேரில் வந்து சுவரைப் பார்த்தார். 'நகல்' என்ற எண்ணம் உங்களுக்கு அந்தப் பட்டப்பெயரிலிருந்தே வந்திருக்க வேண்டும். ஆண்டுகளை ஒப்பிடுங்கள். பெர்லினில் 1961 ஆகஸ்ட் வரை மக்கள் ஒரு பகுதியிலிருந்து மற்றொரு பகுதிக்குச் சென்றுவர முடிந்தது. மோட்லாராய்ட் அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே அடைக்கப்பட்டுவிட்டது. பெருநகரத்தில் ஒளிவதற்கும் தப்புவதற்கும் ஆயிரம் இடுக்குகள் உண்டு. ஒரு சில வீடுகளே உள்ள கிராமத்தில் ஒவ்வொருவரும் காவலரின் கண்ணில் இருந்தார்கள். அங்கே அந்தச் சுவரைத் தாண்டித் தப்பியவர் ஒரே ஒருவர்தான், 1973இல், ஏணி வைத்து ஏறி.

திறப்பும் ஒரே நாளில் நிகழவில்லை. பெர்லினில் 1989 நவம்பர் 9 அன்று வழி திறந்தது. மோட்லாராய்டில் நடந்து கடப்பதற்கான வாயில் டிசம்பர் 9 அன்றுதான் திறந்தது. நடுவில் இருந்த ஒரு மாதம் அந்த ஊரார் சுவருக்கு இருபுறமும் காத்துக்கொண்டிருந்தார்கள். 1990 ஜூன் 17 அன்று புல்டோசர் வந்து சுவரை இடித்தது. ஒரு பகுதியை மட்டும் அப்படியே விட்டுவைத்தார்கள்.

ஆனால் 1810இல் கற்கள் நட்டுக் குறித்த கோடு நீடிக்கிறது. மேற்குக் கரை பவேரியாவின் டோப்பன் ஊராட்சியைச் சேர்ந்தது. கிழக்குக் கரை துரிங்கியாவின் கெஃபெல் நகராட்சியைச் சேர்ந்தது. அஞ்சல் குறியீட்டு எண் வேறு, தொலைபேசிக் குறியீடு வேறு, வாகனப் பதிவெண்ணின் முதலெழுத்துகள் வேறு. மூன்று அரசர் திருநாளான ஜனவரி 6 பவேரியாவில் அரசு விடுமுறை, துரிங்கியாவில் இல்லை. லூத்தர் தொடங்கிய திருச்சபைச் சீர்திருத்தத்தை நினைவுகூரும் அக்டோபர் 31 துரிங்கியாவில் விடுமுறை, பவேரியாவில் இல்லை. இரு கரையாரும் மரபாக லூத்தரன் திருச்சபையினர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். விடுமுறையைத் தீர்மானிப்பது வீட்டின் சமயம் அல்ல, மாநிலத்தின் சட்டம். இதற்காக அங்கே யாரும் கண்ணீர் விடுவதில்லை. எல்லை இருப்பதும் எல்லையை அடைப்பதும் ஒன்றென்று எழுதுபவர்கள், இரண்டாவதைச் செய்தவர்களின் பொறுப்பை 1944இல் லண்டனில் இருந்தவர்கள் மீது இறக்கிவைத்துவிடுகிறார்கள். நீங்கள் படித்த கட்டுரை மீது எனக்குள்ள வருத்தம் அதுதான்.

ஐம்பது பேர் ஊருக்கு அருங்காட்சியகம் எதற்கு என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லைத் தடைகளின் பெரும்பகுதி 1990க்குப் பிறகு வேகமாக அகற்றப்பட்டது. வயல்களும் புதர்களும் அந்த இடத்தை மூடிவிட்டன. மோட்லாராய்டில் கான்கிரீட் சுவர், வேலி, காவல் கோபுரம், எல்லைக் கல், ஓடை ஆகிய அனைத்தையும் சில நிமிட நடையில், அவை நின்ற இடத்திலேயே பார்க்க முடிகிறது. கல்லுக்கும் சுவருக்கும் இடையே உள்ள தூரம் சில அடிகள். அவை நடப்பட்ட ஆண்டுகளுக்கு இடையே நூற்று ஐம்பத்தாறு ஆண்டுகள். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்ட வேறு இடம் எளிதில் கிடைக்காது.