ஹட்டனில் வேலை, பேராதனையில் முதுமாணி

ஹட்டனில் முழுநேர ஆசிரியராக இருந்துகொண்டே பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதுமாணி படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும். வேலை செய்பவர்களுக்கான விரிவுரைகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் நடக்கின்றன. படிப்பைவிடப் பயணம்தான் ஆளை வாட்டும். கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வளைந்து வளைந்து இறங்கும் கண்டி பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தால் தலைதான் சுற்றும்; அனுமதி பெற்று ஒலிப்பதிவு செய்த விரிவுரைகளை அங்கே கேளுங்கள். வாசிப்பு விடியற்காலைக்கு. பாடசாலை முடிந்து வந்து மாலையில் படிப்பேன் என்பதெல்லாம், என்னைக் கேட்டால், வெறும் ஆசை.

தவணைப் பரீட்சை விடைத்தாள்களும் ஒப்படைகளும் ஒரே வாரத்தில் வந்து மோதும். அட்டவணை கிடைத்த அன்றே அதிபரிடம் பேசிவிடுங்கள். ஆய்வுத் தலைப்பை உங்கள் வகுப்பறையிலிருந்தே எடுத்தால் தரவு தேடி அலைய வேண்டியதில்லை. மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை மறிக்கக்கூடும். கம்பளைப் பக்கம் உறவினர் இருந்தால் வெள்ளி இரவு தங்க இடம் கேளுங்கள், கூச்சம் வேண்டாம்.