ஜெர்மன் ப்ரெபோசிஷன்: டாட்டிவா, அக்குசாட்டிவா?

கேள்வி: ‘பள்ளிக்குப் போகிறேன்’ என்பதற்கு ‘இன் டேர் ஷூலெ’ என்று எழுதினேன். ‘கு’ நான்காம் வேற்றுமை, அதாவது டாட்டிவ்தானே?

பதில்: தமிழ் பேசுவோர் முதலில் சறுக்கும் இடம் இது. ‘அவனுக்குக் கொடு’ என்பதில் வரும் ‘கு’ டாட்டிவோடு பொருந்தும்; போகும் இடத்தைக் காட்டும் ‘கு’ பொருந்தாது. ஆன், ஔஃப், ஹின்டர், இன், நேபென், ஊபர், உன்டர், ஃபோர், ட்ஸ்விஷென் ஆகிய 9 ப்ரெபோசிஷன்களும் (பெயருக்கு முன்னால் வந்து நம் உருபுபோல் வேலை செய்யும் சொற்கள்) டாட்டிவ், அக்குசாட்டிவ் (நம் ‘ஐ’ உருபின் இரண்டாம் வேற்றுமை போன்றது) இரண்டையும் ஏற்பவை. இருக்கும் இடம் என்றால் டாட்டிவ், போய்ச் சேரும் இடம் என்றால் அக்குசாட்டிவ். ஆகவே ‘இன் டீ ஷூலெ’. ‘ட்ஸூ’, ‘நாஹ்’ இந்தக் கணக்கில் வராது; போகும் இடத்தைச் சொன்னாலும் அவற்றுக்கு டாட்டிவ்தான்.

கேள்வி: ‘மேஜையில் இருக்கிறது’, ‘மேஜையில் வைத்தேன்’ இரண்டிலும் ‘இல்’தானே வருகிறது?

பதில்: ஆமாம், அதனால்தான் இங்கே தமிழ் உருபை நம்பக்கூடாது. வினையைப் பாருங்கள். லேகென் (கிடத்து), ஷ்டெல்லென் (நிறுத்தி வை), ஸெட்ஸென் (உட்கார வை) மூன்றும் ‘எதை?’ என்று கேட்கும் வினைகள்: ‘ஔஃப் டேன் டிஷ்’. லீகென் (கிட), ஷ்டேயென் (நில்), ஸிட்ஸென் (உட்கார்ந்திரு) அப்படிக் கேட்காது: ‘ஔஃப் டேம் டிஷ்’. ஹெங்கென் மட்டும் இரு பக்கமும் நிற்கும். இறந்தகாலத்தில் குட்டு வெளிப்படும்: மாட்டினேன் என்றால் ‘ஹெங்டெ’, தொங்கியது என்றால் ‘ஹிங்’.

கேள்வி: அசைவு இருந்தால் அக்குசாட்டிவ் என்றார்கள். பிறகு ஏன் ‘இம் பார்க்’ ஓடுகிறேன்?

பதில்: அந்த விதி அரைகுறை. பூங்காவுக்குள்ளேயே ஓடினால் டாட்டிவ்; ‘இன் டேம்’ என்பதன் சுருக்கம்தான் ‘இம்’. வெளியிலிருந்து உள்ளே ஓடினால்தான் ‘இன் டேன் பார்க்’. ‘வந்து சேர்’ என்னும் ஆன்கொமென் இன்னும் குழப்பும்: ரயில் நிலையம் வந்து சேர்ந்தாலும் ‘ஆம் பான்ஹோஃப்’ (ஆம் = ஆன் டேம்), டாட்டிவ்தான்.

கேள்வி: பஸ்ஸுக்குக் காத்திருப்பதில் இடமே இல்லையே?

பதில்: அங்கே வினைதான் வேற்றுமையை முடிவு செய்கிறது. வார்ட்டென் ஔஃப் (காத்திரு) என்றால் அக்குசாட்டிவ்: ‘ஔஃப் டேன் புஸ்’. ஒரே ‘ஆன்’ டெங்கென் (நினை) உடன் அக்குசாட்டிவ், டைல்நேமென் (பங்கேற்) உடன் டாட்டிவ். வினை, ப்ரெபோசிஷன், வேற்றுமை மூன்றையும் ஒரே வரியில் எழுதி மனப்பாடம் செய்வதுதான் வழி.

கேள்வி: ‘3 வருடமாக’ என்பதற்கு ‘ஸைட் 3 யாரெ’ என்று எழுதினால் ஏன் தவறு?

பதில்: ‘ஸைட்’ எப்போதும் டாட்டிவ். டாட்டிவ் பன்மைப் பெயர் கடைசியில் ‘ன்’ ஏற்கும்: ‘ஸைட் 3 யாரென்’. ‘3 வருடம் முன்பு’ என்பதும் ‘ஃபோர் 3 யாரென்’தான். ஏற்கெனவே ‘ன்’ இருந்தாலோ, ஔட்டோஸ் (கார்கள்) போல ‘ஸ்’ஸில் முடிந்தாலோ எதுவும் சேர்க்க வேண்டாம்.