எட்டே மாதத்தில் கரகரக்கும் சைலன்சர்: டப்பாவை மாற்றினால் தீருமா?

கேள்வி: என் நான்கு சிலிண்டர் பெட்ரோல் காரில் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு (புகையின் நச்சைக் குறைக்கும் பகுதி) பின்னால் இருந்ததை எல்லாம் கழற்றிவிட்டு, வெளியில் வாங்கிய எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) சைலன்சர் செட் போட்டு எட்டு மாதம் ஆகிறது. ஆரம்பத்தில் கனமான, நல்ல சத்தம். இப்போது கரகரவென்று ஆகிவிட்டது. 2,500 முதல் 2,800 ஆர்.பி.எம். வரை காருக்குள் காதை அடைக்கிற மாதிரி ஒரு முழக்கம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் ‘டிக் டிக்’ என்று கேட்டு, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. போன வாரம் பின் ஹேங்கர் (குழாயை ரப்பரில் தொங்கவிடும் கம்பி) வெல்டிங்கும் விட்டுவிட்டது. “உள்ளே பஞ்சு போயிருக்கும், பெரிய டப்பாவாகப் போட்டுவிடலாம்” என்கிறார் மெக்கானிக். போடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்வது ஒரே கோளாறு இல்லை, நான்கு. புது டப்பா போட்டால் கரகரப்பு மட்டும் போகும். முழக்கம் அப்படியே இருக்கும், ஹேங்கர் இன்னும் சில மாதத்தில் மறுபடி விடும்.

முதலில் அந்த ‘டிக் டிக்’கைப் பாருங்கள். நான்கில் அதுதான் தள்ளிப்போடக் கூடாதது. குளிர்ந்திருக்கும்போது கேட்டு, சூடானதும் மறைகிற தட்டல் பெரும்பாலும், சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கட்டிலோ (இணைப்பு கசியாமல் இடையில் வைக்கும் தகடு) அதை அடுத்த இணைப்பிலோ உள்ள கசிவு. உலோகம் விரிந்ததும் இடைவெளி மூடிக்கொள்கிறது, சத்தம் நிற்கிறது. கசிவு சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. முன் ஆக்ஸிஜன் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தால், இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே குழாயில் அழுத்தம் குறையும் கணத்தில் வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படும். சென்சார் அதைப் பார்த்து ‘பெட்ரோல் போதவில்லை’ என்று சொல்லும், கம்ப்யூட்டர் கூடுதலாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் குறையும், கன்வெர்ட்டர் வீணாகச் சூடேறும். இதைவிடப் பெரிய ஆபத்து கார்பன் மோனாக்சைடு. நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காருக்குள் வந்தால் தலைவலி வந்த பிறகுதான் தெரியும்.

கண்டுபிடிக்க, இரவு முழுக்க நின்று குளிர்ந்த வண்டியைத் திறந்த வெளியில் வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஒருவர் தடித்த கையுறையோடு, ஈரத்துணியை மடித்து டெயில் பைப் வாயில் ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடிக்கட்டும். இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைத் தூரிகையால் தடவட்டும். நுரை கொப்பளிக்கும் இடம் கசிவு. டப்பாவின் அடியில் ஒரு சின்ன ஓட்டையிலிருந்து ‘புஸ்’ என்று காற்று வந்தால் பதற வேண்டாம், அது தண்ணீர் வடிவதற்கென்றே வைத்தது. குழாய்களைப் போல்ட்டால் இணைக்கும் தட்டான ஃபிளாஞ்சைச் சுற்றிக் கரும்புகைக் கோடு இருந்தாலும் கசிவுக்கு அதுவே சாட்சி.

கழற்றிய கேஸ்கட்டை மறுபடி போடாதீர்கள். ஃபிளாஞ்ச் முகத்தில் இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, அடியில் வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் புதுக் கேஸ்கட்டும் நிற்காது, முகத்தைச் சமப்படுத்த வேண்டும். போல்ட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, ஒருமுறை நன்றாக ஓட்டிவிட்டு, முழுதும் ஆறிய பின் மறுபடி சரிபாருங்கள். பேஸ்ட் தடவுவதானால் ஆக்ஸிஜன் சென்சாருக்குப் பாதுகாப்பானது என்று டியூபிலேயே எழுதியிருக்க வேண்டும். சாதாரண சிலிக்கான் சென்சாரைக் கெடுத்துவிடும். ஸ்பிரிங் போல்ட்டோடு வரும் உருண்டைக் கேஸ்கட் என்றால், ஸ்பிரிங் முழுக்க அமுங்கும் வரை முறுக்காதீர்கள். அந்த மூட்டு அசைவதற்காகவே அப்படிச் செய்யப்பட்டது.

அடுத்தது ஹேங்கர். விட்ட இடத்திலேயே மறுபடி ஒரு பொட்டு வைத்துத் தருவதுதான் வழக்கம். அது நிற்காததற்குக் காரணம் வெப்ப விரிவு. 304 ரக எஸ்.எஸ். ஒரு மீட்டர் நீளத்துக்கு, 100 டிகிரி சூட்டுக்குச் சுமார் 1.7 மி.மீ. நீளும். முன் ஃபிளாஞ்சிலிருந்து பின் டப்பா வரை மூன்று மீட்டர், சராசரியாக 300 டிகிரி ஏறுகிறது என்று வைத்தால், வால் பக்கம் கிட்டத்தட்ட 15 மி.மீ. பின்னால் நகர வேண்டும். கம்பெனி சைலன்சர்களில் அதிகம் வரும் 409 ரகத்தில் இதே கணக்கு 10 மி.மீ.தான். குளிர்ந்த நிலையிலேயே ரப்பர் பின்னோக்கி இழுபட்டு நிற்கும்படி மாட்டியிருந்தால், சூடான ஒவ்வொரு முறையும் குழாய் ஹேங்கரோடு மல்லுக்கட்டும்.

ஆகவே எல்லா கிளாம்பையும் தளர்த்தி, வண்டியைச் சக்கரத்தில் நிற்கவைத்து (ரேம்ப் நல்லது, பாடியை ஜாக்கியில் தூக்கினால் பின் ஆக்சில் தொங்கி இடைவெளியைப் பொய்யாகக் காட்டும்), குளிரில் ரப்பர்கள் முன்பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும்படி அமைத்து, முன்னாலிருந்து பின்னால் வரிசையாக இறுக்க வேண்டும். பாடிக்கும் குழாய்க்கும் சுற்றிலும் 20 மி.மீ. இடைவெளியாவது வேண்டும், பிரேக் குழாய், பெட்ரோல் டேங்க் அருகில் இன்னும் அதிகம். முடிந்ததும் ஆறிய டப்பாவைக் கையால் தள்ளிப் பாருங்கள். பக்கவாட்டில் ஓரிரு சென்டிமீட்டர் தாராளமாக ஆட வேண்டும், எதிலும் இடிக்கக் கூடாது. முன்னால் இருக்கும், வளைந்து கொடுக்கும் ஃபிளெக்ஸ் பைப்பின் கம்பிப் பின்னலையும் பாருங்கள். அது பிய்ந்தோ இறுகியோ இருந்தால் இன்ஜினின் குலுக்கல் முழுக்க ஹேங்கரில் வந்து விழும்.

உடைந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தால் ஒன்று தெரியும்: பெரும்பாலும் விட்டிருப்பது வெல்டிங் அல்ல, அதன் ஓரத்தில் உள்ள குழாய்ச் சுவர். 1.2 மி.மீ. தடிமனுள்ள குழாயில் தடித்த கம்பியை நேராக ஒட்டினால் பாரமெல்லாம் ஒரு புள்ளியில் இறங்குகிறது. 40, 50 மி.மீ. நீளத்துக்கு அதே தடிமனில் தகட்டை வளைத்துக் குழாயின் மேல் சேணம் போல வைத்து வெல்டு செய்து, அதன்மேல் கம்பியை ஒட்டச் சொல்லுங்கள். 304-க்கும் 304-க்கும் 308எல் ஃபில்லர் (வெல்டிங்கில் உருக்கிச் சேர்க்கும் கம்பி), எஸ்.எஸ்.ஸுக்கும் சாதா இரும்புக்கும் 309எல். குழாய்களை முட்டுக்கு முட்டு இணைக்கும் இடத்தில் உள்ளேயும் ஆர்கான் வாயு விட வேண்டும். விடாவிட்டால் உட்புறம் கருத்த சர்க்கரைப் பொருக்கு போல ஆகும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, எர்த் கிளிப்பை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

காந்தம் ஒட்டினால் போலி என்று ஒரு பேச்சு உண்டு. 304-ல் ஒட்டாது, 409-ல் ஒட்டும், இரண்டும் எஸ்.எஸ்.தான்.

இப்போது பஞ்சு. இந்த விஷயத்தில் உங்கள் மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கலாம். உங்களுடையது நேர்வழி டப்பாவாக இருந்தால், நடுவில் துளையிட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடி இழை, அவ்வளவுதான். துளைக் குழாய்மேல் முதலில் எஸ்.எஸ். கம்பளி சுற்றி, அதன்மேல் நீள இழையை வைத்தால் நிற்கும். மலிவானவற்றில் குட்டை இழையை அப்படியே திணித்துவிடுகிறார்கள். வாயுத் துடிப்பு அதை இழை இழையாகத் துளை வழியே உறிஞ்சி வெளியே துப்பிவிடும். வெளி ஓட்டில் திட்டாக நீலம் பாய்ந்திருக்கிறதா, விரல் மடக்கித் தட்டினால் ‘டங்’ என்று வெறும் டின் போல ஒலிக்கிறதா பாருங்கள். அப்படியென்றால் உள்ளே காலி.

மூடி ரிவெட்டில் இருந்தால் ரிவெட்டைத் துளைத்து எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு, பசால்ட் இழையோ நீளக் கண்ணாடி இழையோ நிரப்பலாம். காலி இடத்தில் ஒரு லிட்டருக்கு 100 முதல் 150 கிராம். இருப்பதையெல்லாம் இடித்துத் திணித்தால் ஒலி இழைக்குள் நுழையாமல் திரும்பிவிடும். முழுதும் வெல்டு செய்த டப்பாவை அறுத்து நிரப்புவது பெரும்பாலும் வீண் வேலை.

ஆனால் அந்த முழக்கத்துக்கும் பஞ்சுக்கும் சம்பந்தமில்லை. நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஆர்.பி.எம்.மை 30-ஆல் வகுத்தால் வெடிப்பின் அதிர்வெண் வரும் (மூன்று சிலிண்டருக்கு 40-ஆல்). உங்கள் 2,500–2,800 என்பது 83–93 ஹெர்ட்ஸ். இவ்வளவு தாழ்ந்த ஒலியின் அலை நான்கைந்து மீட்டர் நீளம். சில சென்டிமீட்டர் பஞ்சு அதை என்ன செய்யும்? பழைய சைலன்சரில் அறைகளோ ரெசனேட்டரோ (சத்தத்தை அடக்கும் துணை டப்பா) அதை அடக்கிக்கொண்டிருந்தன. அவற்றைக் கழற்றிவிட்டீர்கள். முதல் மாதம் பிடித்துப்போன அந்தக் கனத்த சத்தமும் இதேதான். செலவு செய்யும் முன் ஒரு சோதனை: மூன்றாம் கியர், நான்காம் கியர் இரண்டிலும் அதே ஆர்.பி.எம்.மில் முழங்கினால் எக்ஸாஸ்ட். ஒரே வேகத்தில் மட்டும், கியர் எதுவானாலும் கேட்டால் டயரையோ வீல் பேரிங்கையோ பாருங்கள்.

எக்ஸாஸ்ட்தான் என்றால், எனக்குத் தெரிந்த சிறந்த வைத்தியம், மெயின் குழாயிலிருந்து பிரியும் முனை அடைத்த கிளைக் குழாய். ஒலியின் வேகத்தை, அதிர்வெண்ணின் நான்கு மடங்கால் வகுத்தால் நீளம் கிடைக்கும். 300 டிகிரி வாயுவில் வேகம் நொடிக்குச் சுமார் 480 மீட்டர். கிளைக்குள் ஓட்டம் இல்லாததால் அங்கே சூடு குறைவு, 425 என்று வைக்கலாம். 88 ஹெர்ட்ஸுக்கு 1.2 முதல் 1.35 மீட்டர் வருகிறது. 1.35-ல் தொடங்கி, மூடியை வெல்டு செய்யாமல் கிளாம்பில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் குறைத்தால் அடங்கும் இடம் சுமார் 100 ஆர்.பி.எம். மேலே போகும். சரியான இடம் பிடிபட்ட பிறகு வெல்டு செய்தால் போதும்.

கிளையின் விட்டம் மெயின் குழாயின் அளவே இருக்கட்டும். வளைத்துப் பக்கத்திலேயே ஓடவிடலாம், தண்ணீர் தேங்காமல் மெயின் குழாயை நோக்கிச் சரிவு வேண்டும். டெயில் பைப் வாய்க்கு அருகில் வைத்தால் பயனில்லை. திறந்த முனையில் ஒலி அழுத்தம் கிட்டத்தட்டப் பூஜ்யம், அடக்க அங்கே ஒன்றுமில்லை. பின் டப்பாவுக்கு முன்னால் வையுங்கள். அடியில் அவ்வளவு இடம் இல்லையென்றால், அறைகள் கொண்ட பின் டப்பாவுக்கு மாறுவது அடுத்த வழி. நடுவில் ஒரு நேர்வழி ரெசனேட்டர் கரகரப்பைக் குறைக்கும், முழக்கத்தை அவ்வளவாகத் தொடாது.

தினமும் பத்து நிமிட ஓட்டம்தான் என்றால் இன்னொன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பின் டப்பா சூடாகும் முன்பே வண்டியை நிறுத்தினால் அது அமிலம் கலந்து உள்ளேயே நிற்கும், துரு உள்ளிருந்து தின்னும். அடியில் இருக்கும் சின்ன ஓட்டையை அடைத்துவிடாதீர்கள். வாரம் ஒருமுறை அரை மணி நேரம் தொடர்ந்து ஓட்டுங்கள். சாதா இரும்புக் குழாயில் வெப்பத்துணி சுற்றினால் ஈரம் அதிலேயே தங்கி வெளியிலிருந்தும் அரிக்கும்.

வேலை முடிந்து 500 கி.மீ. ஓடியதும் கிளாம்பையும் அந்த ஹேங்கர் சேணத்தையும் ஒருமுறை பாருங்கள். அதே குழாயில் வேறோர் இடத்தில் இரண்டாவது விரிசல் தெரிந்தால், அந்தத் துண்டை அறுத்தெறிந்துவிட்டு 1.5 மி.மீ. சுவருள்ள குழாய் போடுங்கள்.